உடம்பில்லாத கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

இன்று அலுவலகத்தில் ஆயுத பூஜை. யாரோ என் மடிக்கணினியின் மூடியில் சந்தனத்தை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாசனையோடு திறந்தால், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினி தன்னை இன்னும் ஆக்டிவேட் செய்யவில்லை என்று மூலையில் முணுமுணுக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில், தேவராஜ மொஹல்லாவில், ஊதுபத்திக் கடைக்கு மேலே நம் இருவரின் கம்ப்யூட்டர் கடை. நாம் விற்றதைவிடப் பழுது பார்த்தது அதிகம். பழுது பார்த்ததைவிட நீ வாதாடியது அதிகம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த உனக்குக் கோபம் வந்தால் கன்னடம், பிடிவாதம் வந்தால் தமிழ். தசராவுக்குப் பிறகு கடை இருக்குமா என்பது ஸ்ரீரங்கப்பட்டணத்து வெல்ல மண்டிக் கௌடர் கையில் இருந்தது. அவருடைய பழைய கணக்கு புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓட மறுத்தது. ஓடவைத்தால் தன் மண்டிகள் எல்லாவற்றுக்கும் நம்மிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, இன்று மெய்நிகர் கணினி என்கிறோமே அதை, உண்டாக்கும் மென்பொருள் அப்போதுதான் வந்திருந்தது. உள்ளே இருப்பதில் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டால் கணக்கு ஓடும் என்று கண்டுபிடித்தவன் நீதான். அதோடு நின்றாயா? உள்ளே இருப்பதும் ஒரு மெஷின், அதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தாய். எண் அச்சடித்த ஸ்டிக்கரை உறையிலிருந்து உரித்துக் கௌடரின் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டினாய்.

ஆயுத பூஜையன்று கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாய். மானிட்டருக்கு, பிரிண்டருக்கு, ஸ்க்ரூடிரைவருக்கு. மவுஸின் முன்னால் எலுமிச்சம்பழம்கூட வைத்தாய். பிறகு உள்ளே இருக்கப்போகும் கம்ப்யூட்டருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்து நின்றாய். அதற்கு ஏது நெற்றி?

"லைசென்ஸ் வாங்கினோம் இல்ல? அப்ப பொட்டு மட்டும் எப்படிறா இல்லாம போகும்?" என்று சொல்லி, அதற்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருளான அந்த ஸ்டிக்கரின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாய். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் தன் கண் முன்னால்தான் வேலை தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்த கௌடர், ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைப்பதற்கு முன்பே வந்துவிட்டார். நீ சிடியைப் போட்டாய். கொஞ்ச நேரத்தில் திரை லைசென்ஸ் எண்ணைக் கேட்டது. ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாய். ராத்திரி முழுக்கக் காய்ந்திருந்த சந்தனத்தோடு ஸ்டிக்கரின் மேல்தாளும் எண்ணும் சேர்ந்து உரிந்து வந்தன. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மங்களகரமாக இருந்தது.

ஊரே யானை பார்க்கப் போயிருந்த நாளில் இன்னொரு லைசென்ஸுக்கு எங்கே போவது? நம் கடைக் கம்ப்யூட்டரிலும் அதே சிஸ்டம்தான், அதன் எண் எனக்கு மனப்பாடம். அதை அடித்துவிடலாம் என்றேன். இன்று போல இணையத்தில் சரிபார்க்கும் வழக்கம் அன்று கிடையாது. அது வேறு மெஷினுக்கு வாங்கியது என்றாய் நீ. கௌடர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டோம்.

"யாருக்குடா தெரியப்போவுது?"

"சும்னிரு, சும்மா இருடா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இன்னும் எத்தன பேருக்குத் தெரியணும்?"

பிறகு கௌடரிடம் திரும்பி, பொட்டு எண்ணைத் தின்றுவிட்டது, லைசென்ஸ் வாங்கிப் போட்டுத் தருகிறோம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாய். கடை போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கௌடர் எழுந்தார். தன் லாரியின் நம்பர் பலகை முழுக்க டிரைவர் பூஜைக்குச் சந்தனம் பூசியிருந்ததால், காலையில் போலீஸ்காரர் வழியில் நிறுத்திவைத்த கதையைச் சொல்லி ஒரு பாட்டம் சிரித்தார். அப்புறம் தமிழில் பேசினார்.

"நம்ம மண்டில ஆளுங்க எல்லாம் மார்டள்ளிக்காரங்க, தமிழ் பேசற ஊரு. எனக்கும் தமிழ் நல்லா புரியும். நம்பரையே மாத்திக் குடுக்காத ஆளு, என் கணக்க அடுத்த மண்டிக்காரனுக்கா குடுக்கப்போறான்? நிதானமா போட்டுக் குடுங்க."

எல்லா மண்டிகளுக்கும் நாம்தான் போட்டோம். அதற்கப்புறமும் பல வருடங்கள் கடை ஓடியது. இந்த ஆடியில்தான் நீ போய்ச் சேர்ந்தாய். நீ இல்லாமல் வாதாட ஆளில்லை, ரொம்ப வெறுமையாக இருக்கிறதுடா.

போன வாரம் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி, ஒரே லைசென்ஸை நான்கு மெய்நிகர் கணினிகளில் போட்டால் யாருக்கு சார் தெரியப்போகிறது என்று கேட்டாள். தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் போய்விட்டான். எனக்குக் கொஞ்சம் சலுகை கிடைத்திருக்க வேண்டும்தானே? கிடைக்கவில்லை. உன் பங்கையும் சேர்த்து நானே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.