ஒட்டக்கூடாத கால்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே குளிர் விட்டதா, அந்த வறட்டு இருமல் நின்றதா? இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் சரியில்லை, அதுவும் எனக்கு மட்டும். ஃபோனிலேயே சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் அடுக்களையில் பேசினால் வாசல்வரை கேட்கும் என்று உனக்குத் தெரியாதா, அதனால்தான் எழுதுகிறேன், உன் அண்ணி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். உன் அண்ணனுக்கு இது தெரியாது. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் ஃபோனைக் கையில் எடு, பாதியில் குதிக்காதே.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நடக்கச் சொன்னால்தான் வலிக்கிறது. அடுக்களைத் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. போன தடவை நீ வந்திருந்தபோது நீ அளவெடுக்கணும் என்று நிற்க, அண்ணன் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று நிற்க, இரண்டு பேரும் அதன்மேல் சண்டை போட்டு, கடைசியில் தெருமுனை ப்ளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போனாரே, அதே இடம்தான். இப்போதும் அவரையே கூப்பிட்டிருக்கிறேன், உங்கள் இருவரையும் நம்பினால் வீட்டில் படகுதான் விட வேண்டும். அன்றைக்கு நீ அவன் ஆட்களைச் சுத்தியல் கோஷ்டி என்றதையும் அவன் உன் ஆபீஸை ஏசிக் கூட்டம் என்றதையும் நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் கூட்டாளி வெல்டரை, அதுதான் நாம் கட்டை என்று சொல்வோமே அவனை, சாப்பிடக் கூட்டிவந்திருந்தான். சாப்பிடும்போது அவர்கள் வேலை பார்க்கிற ஆலை சைட் கதைதான். உங்கள் ஆபீஸ் படம் போட்ட அந்த ஸ்டீம் லைனில், பைப்புக்குக் கீழே வைக்கிற இரும்புக் கால் பீம்மேல் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்ததாம், தட்டினால் ஆடியதாம். அண்ணன் சிரித்துக்கொண்டே "ஏசில உக்காந்தவனுக்குப் படத்துல வெல்டிங் போட மறந்துபோச்சும்மா, நாங்களே நல்லா கெட்டியா ஒட்டி, பெயிண்டும் அடிச்சுட்டோம், ஒரு பய கண்டுபிடிக்க முடியாது" என்றான். கட்டையும் தலையை ஆட்டினான். நான் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டேன். ஏனென்றால் அதே காலைப் பற்றி நீ மழைக்காலத்தில் என்னிடம் ஃபோனில் புலம்பியிருக்கிறாய், "சூடேறினா பைப் நீளும்மா, அது நகர்றதுக்குத்தான் காலை ஒட்டாம விட்டிருக்கேன், ஒட்டினா வேற எங்கேயாவது பிச்சுக்கிட்டுப் போயிடும், இது என் பெரிய அதிகாரிக்கே புரியமாட்டேங்குது" என்று. அப்போது நான் உம் கொட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஆனால் காதில் ஏறியிருக்கிறது பார். நீ சொல்வதையும் அவன் சொல்வதையும் சேர்த்துக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், சும்மாவா சொன்னார்கள்.

அவனிடம் கேட்காமல் உனக்கு எழுதவில்லை. கட்டை போனதும், அந்தப் பைப் நகர வேண்டாமாடா என்று கேட்டேன். "உம்பொண்ணு சொல்லிக்குடுத்தாளா? கம்ப்யூட்டர்ல எல்லாந்தாம்மா நகரும்" என்று முதலில் சிரித்தான். அப்புறம் முகம் மாறிவிட்டது. "ஒட்டலாமா கூடாதான்னு எழுதிக் கேட்டோம், மறுபடியும் கேட்டோம், உன் பொண்ணு ஆபீஸ்லேர்ந்து ஒரு பதிலும் வரல. வேலை நிக்குதுன்னு இங்க எங்களைத்தான் திட்டுறாங்க. இப்ப சாரத்தையும் பிரிச்சாச்சு, நான் போய்த் தப்புன்னு சொன்னா என் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவனுக்குப் பதில் சொல்லாத உங்கள் ஆபீஸை என்னவென்று சொல்வது? அந்தக் கேள்வி உன் மேஜைக்கு வந்ததா, வேறு யார் மேஜையிலாவது தூங்கியதா என்று முதலில் பார். உன் அப்பாவிடம் சொன்னேன், "அது அவங்க தொழில், நீ உன் வேலையப் பாரு" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அதில் ஸ்டீம் விடப் போகிறார்களாம். அதிலிருந்து குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நகல் வைத்து ஒரு மெயிலைத் தட்டிவிடாதே. முதலில் அண்ணனிடம் பேசு, உங்கள் பக்கத்துத் தப்பை நீ முதலில் சொல், அப்போதுதான் அவன் வாயைத் திறப்பான். வழக்கம்போல விளக்கம் சொல்லிக்கொண்டே போகாதே, அவன் பேச இடம் கொடு. ஸ்டீம் விடுவதற்கு முன்னால் அவனே போய்ச் சொல்லி, ஒட்டியதைப் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. மசியவில்லை என்றால் யாருக்கு வேண்டுமானாலும் எழுது, நிறுத்து. அவன் வேலை போனாலும் பரவாயில்லை. கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், என் கண்முன்னால் இருந்தால் போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அண்ணன் வேலை முடிந்து வந்தான். யாருக்கு என்று கேட்டான், தங்கச்சிக்கு என்றேன். கை கழுவிக்கொண்டே, "நான் கேட்டதாச் சொல்லு. ஸ்டீம் தொறக்கிற அன்னிக்கு முதல் வால்வுகிட்ட நான்தான் நிக்கப்போறேன்னு சொல்லு, அவ போட்ட லைனாச்சே, வேற எவனையும் நிக்க விடமாட்டேன்" என்றான். சரிடா என்று மட்டும் சொன்னேன். நீயே சொல், நான் என்ன செய்யட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் உன் அண்ணனும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இன்றைக்கே அவனைக் கூப்பிடு, நாளைக்கு என்று தள்ளாதே. இந்த விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்டாலும் சரி, அவன் சைட்டே கேட்டாலும் சரி, உன் அண்ணியை இழுக்காதே, கட்டையையும் இழுக்காதே. பெற்றவள் காட்டிக்கொடுத்தாள் என்று சொல்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா