வலப்பக்கம் குத்திய ஊசி

மச்சான்,

இன்று காலை பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். அங்கே இருந்த பிள்ளை என்னுடைய இரண்டு தாள்களையும் சேர்த்து வலப்பக்க மூலையில் ஒரு குண்டூசியைக் குத்தினாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"புள்ள, அதக் கழட்டி இடப்பக்கம் குத்துங்க" என்றேன்.

"எந்தப் பக்கம் குத்தினா என்ன மாமா? தாள் விழாம இரிந்தாச் சரிதானே" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் குத்தினாள். கிழவனுக்கு மண்டை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். உங்களுக்கென்றால் சிரிப்பு வந்திராது.

நம் பக்க வழக்கப்படி, என் கூடப்பிறந்த ராத்தாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் நீங்கள். எழுபதுகளின் கடைசி. தேர்தல் முடிந்து ஊரே எம்.பி.யின் வீட்டு வாசலில் நின்ற காலம். உங்கள் கையெழுத்தும் பேச்சும் பிடித்துப்போய் அவர் உங்களைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய மேடைப் பேச்சுகளை நீங்கள்தான் எழுதினீர்கள். அவருக்கு வந்த மனுக்களை நீங்கள்தான் வாசித்தீர்கள். வேலையில்லாமல் திரிந்த என்னையும் தட்டச்சு அடிக்கக் கூட்டிப் போனீர்கள்.

சாகாமம், சவளக்கடை, சொறிக்கல்முனை என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அந்த மனிதர் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. 'இல்லை' என்ற சொல்லே அவர் வாயில் வராது. எல்லோருக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம். அதே தலைப்புத் தாள், அதே கையொப்பம், அதே 'ஆவன செய்யவும்'. வித்தியாசம் குண்டூசியில் இருந்தது. கடிதத்தையும் மனுவையும் சேர்த்து இடப்பக்கம் குத்தியிருந்தால், செய்து கொடு என்று அர்த்தம். வலப்பக்கம் என்றால், வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அர்த்தம். அரசாங்கக் கந்தோர்களில் அதிகாரிகளாக இருந்த பெரியவர்களுக்கு அது தெரியும். கடிதத்தைக் கொண்டு போகிறவருக்குத் தெரியாது. எம்.பி. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பார், நீங்கள் அந்தப் பக்கம் குத்துவீர்கள்.

அதை நான் கண்டுபிடித்த அன்று, சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "மச்சான், இது பாவமில்லையா?"

"ஒரு ஆளப் பாத்து இல்ல எண்டு செல்றதுக்கு நெஞ்சு வேணும். அது அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றீர்கள். 

சொறிக்கல்முனையிலிருந்து ஒரு கமக்காரர் வருவாரே, ஞாபகமா? மகள் சோதினை பாஸ் பண்ணியிருந்தாள், ஆசிரியர் வேலை கேட்டு வந்தார். கை நிறைய வெள்ளரிக்காய். "தம்பிட எழுத்து முத்து முத்தா இரிக்கி" என்று சொல்லி, கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார். மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் வலப்பக்கம். மூன்றாம் தரம் அவர் போன பிறகு நீங்கள் பகல் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தீர்கள், ஒரு வாய் கூட இறங்கவில்லை.

அடுத்த மாதம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. என் கடிதத்தில் ஊசி இடப்பக்கம் இருந்தது. மற்றவர்களுக்காகப் பாவ புண்ணியம் கேட்டவன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் அந்த வேலையை விட்டு விலகப் பார்த்தீர்கள். ராத்தாவின் சவளக்கடை வயலைச் செய்யப் போகிறேன் என்று எம்.பி.யிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சிரித்தார்.

"ஊர்ல இரிந்தா ஒன்ட வாய் சும்மா இரிக்காது. கொழும்புக்குப் போ, டிவியில இடம் எடுத்துத் தாறன். ஒன்ட மொகத்த ஊரே பாக்கட்டும்" என்றார். அதே மூச்சில், "பொஞ்சாதி நம்மட ஊர்ப் பள்ளியிலதானே படிப்பிக்கிறா? அப்படியே இரிக்கட்டும்" என்றார். ராத்தாவை எங்கேயாவது காட்டுப் பள்ளிக்கு மாற்றுவதற்கு அவருக்கு ஒரு கையொப்பம் போதும். நீங்கள் கொழும்புக்குப் போனீர்கள்.

எங்கள் தெருவில் முதல் டிவி வந்தது கடைக்காரர் வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய விறாந்தை நிரம்பிவிடும். டை கட்டி, முகத்தில் மாப்பூசி நீங்கள் வந்து உட்கார்ந்ததும் ராத்தா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். "கலியாணத்துக்கும் இவங்க இவ்வளவு பவுடர் போடல்ல" என்பார். பாடகர், விவசாயி, மௌலவி என்று யார் வந்தாலும் அவர்களைச் சிரிக்கச் சிரிக்கக் கதைக்க வைத்துவிடுவீர்கள். கடைசியில் நேயர் கடிதம் வாசிப்பீர்கள்.

ஒருமுறை உங்களைப் பார்க்க வந்தேன். ஜன்னலே இல்லாத அந்த ஒளிப்பதிவுக் கூடத்தைக் காட்டிவிட்டு, கன்டீனில் பிளேன்டீ வாங்கித் தந்தீர்கள். வருகிற கடிதங்களில் பாதியைப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள், அதற்குப் பதிலாக அங்கேயே உட்கார்ந்து சில கடிதங்களை எழுதி நம் ஊர்ப் பெயர்களைப் போட்டுத் தருகிறார்கள் என்றீர்கள்.

"அப்ப அத வாசிக்கிறீங்களா?"

"வாசிக்காம? எம்.பி. வீட்டுல வாசக் கதவாவது தொறந்திரிந்திச்சி மச்சான். இஞ்ச அதுவும் இல்ல. நீ ஊசியப் பாரு. பொய்க் கடிதத்துக்கு வலப்பக்கம் குத்துவன். நான் என்ட பக்கம் திருப்பிப் புடிச்சிரிப்பன், ஒனக்கு மாறித் தெரியும், மறந்திராத."

நான் மறந்துபோனேன். முதல் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் தலைகீழாக விளங்கிக்கொண்டு, பொய்க் கடிதத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு தாளில் ஊசி குத்தி, முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. அதற்குப் பின் பிழை விடவில்லை.

பிறகு ஊர் கெட்டது. தமிழ் ஆட்களும் முஸ்லிம்களான நாமும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்த நாட்கள். எரிந்த கடைகளின் நாற்றம் போகுமுன்பே ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நீங்கள் கல்முனையிலிருந்து வந்ததாக ஒரு கடிதம் வாசித்தீர்கள். ஊரில் அமைதியாம், கடைகள் திறந்திருக்கின்றனவாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களாம். விறாந்தையில் ஒருவர் எழும்பி, "எங்கட ஊருச் சோத்தத் திண்டவனே இப்பிடிப் பொய் செல்றானே!" என்று காறித் துப்பினார். ராத்தா மூலையில் சுருண்டு இருந்தார். ஊசி உங்கள் வலப்பக்கம்தான் இருந்தது; அதைப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எம்.பி. வீட்டுக் கடிதங்களின் கதை வெளியே வரும், என் வேலையின் கதையும் வரும். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தவர்கள் என்னை வெளியே விட்டிருந்தார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படியொன்றும் இல்லை.

உங்களுடைய கடைசிக் கடிதம் என் கந்தோர் முகவரிக்கு வந்தது, ராத்தாவுக்கு. இரண்டு தாள். 'எனக்கு ஒரு குறையுமில்லை. நெஞ்சு நோவும் சுகம். ஒருவரும் வரத் தேவையில்லை. பாதை சரிவந்ததும் நானே வருகிறேன்.' ஊசி வலப்பக்கம்.

மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். கொழும்புக்குப் போகப் பாதை பயம், லீவு எடுத்தால் எம்.பி.யின் ஆட்கள் ஏன் என்று கேட்பார்கள். அவசரத்தில் பக்கம் மாறிக் குத்தியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் கடிதத்தை ராத்தாவிடம் கொடுத்தேன். "அல்ஹம்துலில்லாஹ், சுகமா இரிக்காங்க" என்று அதை முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை உங்கள் கதிரையில் வேறொருவர் உட்கார்ந்து கடிதம் வாசித்தார். அடுத்த நாள் தந்தி வந்தது. தங்கியிருந்த அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்களாம். கொழும்பிலேயே அடக்கிவிட்டார்கள். உங்கள் ஜனாஸாவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் கூட இல்லை.

இவ்வளவு காலமும் ராத்தா அந்தக் கடிதத்தை எடுத்து வந்து என்னை வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், "கடைசி மட்டும் சுகமாத்தான் இரிந்தாங்க, இல்லையா தம்பி?" என்பார். நான் "ஓம் ராத்தா" என்பேன்.

இன்று செயலகத்திலிருந்து வந்த கையோடு, அந்தப் பிள்ளை ஊசி குத்திய கதையைச் சிரிப்புக்காக ராத்தாவிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் உங்கள் கடிதத்தை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்க மூலையில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

"ஊசிட கதய எனக்கு அவங்க செல்லாம இரிப்பாங்களா தம்பி?" என்றார். "மவுத்துச் செய்தி வந்த அண்டே இந்த ஓட்டயக் கண்டன். நீயாச் செல்லுவாய், நீயாச் செல்லுவாய் எண்டுதான் ஒவ்வொரு தரமும் வாசிக்கத் தந்தன்."

 ராத்தா கையை நீட்டினார். இத்தனை வருடமும் சட்டைக்குச் சட்டை மாற்றிச் சுமந்த ஊசியைப் பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, பழைய ஓட்டைகளையே தேடி அதைக் குத்தினார். பிறகு அஸர்த் தொழுகைக்கு வுழூ எடுக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சட்டைப் பையில் இப்போது ஒன்றுமில்லை, மச்சான். இதை எழுதி முடிப்பதற்குள் நாலைந்து தரம் கை அங்கே போய்த் திரும்பிவிட்டது.