கோட்டை மதிலும் குளியலறையும்

1973 மார்ச் 4, ஞாயிறு
என் பெண்டாட்டி லட்சுமிக்கு இந்த மாதமும் குளியலறை கட்டித் தரவில்லை. கொல்லையில் ஓலைத் தட்டிக்குள்தான் குளிக்கிறாள். கும்மிடிப்பூண்டி கம்பெனி லாரிகளுக்காக ரோட்டை உயர்த்தியதிலிருந்து கிளீனர் பயல்கள் தட்டிக்கு மேலாகப் பார்க்கிறார்கள். "இருட்டுல எழுந்து குளிக்க நான் இன்னா திருடியாய்யா?" என்றாள். கட்டாயம் கட்டுகிறேன் என்றேன். கொல்லைக் கடைசியில் பழைய செங்கல் சுவர் நிற்கிறது. அதை ஒட்டிக் கட்டினால் மூன்று சுவர் போதும். என் மூளை அப்படி!

மார்ச் 11
கட்டவில்லை. அந்தச் சுவர் எங்கேதான் போகிறது என்று பார்க்கப் போய்விட்டேன். கம்பெனியில் கூட வேலை செய்யும் பரசுராமனும் வந்தான். கோட்டை மதில் என்கிறான். சைக்கிள் கடைக்குப் பின்னால் நுழைந்து, ரைஸ்மில்லில் மறைந்து, ஆதிகேசவன் மாட்டுக் கொட்டகையில் தலைகாட்டியது. முழுக்க வறட்டி.
"எந்த ராஜா கட்னானோ நைனா, வறட்டி சோக்கா காயுது" என்றார் ஆதிகேசவன்.
டூரிங் டாக்கீஸ் பக்கம் ஆண்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுத மாட்டேன். அந்த நாற்றத்துக்கு எதிரிப்படை கிட்டவே வராது.
எட்டாவது படித்தவன் கோட்டை கண்டுபிடித்திருக்கிறேன்!

மார்ச் 19
லீவு போட்டுச் சென்னைக்குப் போய்த் தொல்பொருள் ஆபீசில் சொன்னேன். காபி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால் -
"செங்கல் வாங்கினு வந்தியா?"

ஏப்ரல் 22
அதிகாரி பூவராகவன் வந்தார். மதிலைத் தடவித் தடவிப் பார்த்தார். என் கையைக் குலுக்கினார். ஜீப்பில் ஏறும்போது, "இனிமே இதை ஒட்டி யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. வறட்டியும்தான்" என்றார்.

ஏப்ரல் 23
வீட்டில் சோறு இல்லை. தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 8
கொல்லையை அடுத்து, மதிலை ஒட்டியே ஓர் அறை கட்டி முடித்துவிட்டார்கள். கதவு, தாழ்ப்பாள், சிமெண்டுத் தரை. "யாரும் வைக்கக் கூடாதுன்னீங்களே சார்?" என்றேன். "இது கவர்மெண்டுய்யா" என்றார் அதிகாரி. மதிலைக் காக்கும் காவலருக்காம். காவலர்? அந்த வேலைக்கு இன்னும் உத்தரவு வரவில்லையாம். கண்டுபிடித்தவன் என்ற மரியாதைக்குச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஜூலை 9
சாவி சட்டைப் பையில் இல்லை. லட்சுமியைக் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

நவம்பர் 18
அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். பட்டப்பகல். நேராகப் போய் அறைக் கதவைத் தட்டினார்.
"எவன்டா அவன் கதவாண்ட? அப்பால போடா!"
பத்தடி பின்வாங்கினார். "காவலர் வந்துட்டாரா?"
"வந்துட்டாங்க சார்."
உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். அவசரமே இல்லை. அவர் காது கொடுத்துக் கேட்டார்; நான் மதிலைப் பார்த்தேன். அவர் போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.
லட்சுமி ஈரத்தலையோடு வெளியே வந்தாள். "யார்யா அது?"
"மேலதிகாரி."
"இனிமே சொல்லிட்டு வரச் சொல்லு."