தலைக்கு மேலே ரெண்டு தட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் அம்மா என்னைவிடச் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவள் பக்கத்தில் நின்று எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறாள். இந்த விஷயத்தில் என் மானம் கொஞ்சம் கப்பலேறியிருக்கிறது. அதை என் வாயாலேயே சொன்னால் சேதாரம் குறையும்.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று போன மாதமே சொன்னேன். புது மேனேஜர் வந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எங்கள் அறுபது பேரையும் கூடத்தில் நிற்க வைத்து ஒரு காகிதத்தைப் படித்தார். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்களாம். பழைய சர்வீஸ் சேராதாம். ஆறு மாதம் தற்காலிகம். எந்த ஷிப்டு போட்டாலும் வர வேண்டும். எனக்குப் பாதிதான் புரிந்தது. கொஞ்சம் நிறுத்துங்கள், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை, கை வந்துவிட்டது. தலைக்கு மேலே கையைத் தூக்கி ரெண்டு தட்டு தட்டிவிட்டேன்.

எங்கள் கூடத்தில் மெஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் தலைக்கு மேலே ரெண்டு தட்டு என்றால் ‘நிறுத்து’ என்று வைத்திருக்கிறோம். பார்த்தவன் தானும் தட்ட வேண்டும். அப்போதுதான் கடைசி மெஷின்வரை சேதி போகும். பத்தொன்பது வருஷப் பழக்கம். நான் தட்டினேன், அறுபது பேரும் தட்டினார்கள். மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றி சொன்னார்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். புதிய விதிமுறைகளைத் தொழிலாளர்கள் பலத்த கரவொலியுடன் வரவேற்றார்களாம்.

அன்றிலிருந்து டீ குடிக்கிற இடத்தில் என்னைக் கண்டால் ஆளாளுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். பசை ஒட்டுகிற பிரிவில் இருக்கிற என் சிநேகிதனை உனக்குத் தெரியும், நாங்கள் ‘பசை’ என்றே கூப்பிடுவோமே, அவன் எல்லோர் முன்னாலும், “உனக்கு அவ்வளவு கை அரிச்சா வீட்டுக்குப் போய் கதவத் தட்டறது. எங்க சர்வீஸயா தட்டிவிடணும்?” என்றான். ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நான்தானே.

உன் அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “ஷிப்டு மாறினா சாயந்திரம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் ஒரு மணி நேரம் திட்டினால்கூட நான் நிம்மதியாகத் தூங்குவேன். இப்படி ஒற்றை வார்த்தை பேசினால்தான் பயம். அவள் விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது பழைய முதலாளி எனக்கு நிரந்தரமாகக் காலை ஷிப்டு கொடுத்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் அலமாரியில் இருக்கிறது. அதனால்தான் பத்து மாதமாகத் தினமும் ஐந்து மணிக்கு அவளைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன். முதலில் வாசல் கேட்வரை. அப்புறம் மூன்றாவது விளக்குக் கம்பம். இப்போது தெருக்கோடி மருந்துக்கடை. ஷிப்டு மாறினால் அந்த ஐந்து மணி போய்விடும்.

நீ சொன்னபடி எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துக்கு அவர்கள் கொடுத்த புதுக் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அதில் என் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது என்று நீ சொன்னாய். இரண்டாம் தடவை எடுத்ததைப் படித்து, எழுதிக் கேளுங்கள் அப்பா என்றாய். வெள்ளிக்கிழமை கெடு. வியாழக்கிழமை நானும் பசையும் மேனேஜர் அறைக்குப் போனோம். கேட்க வேண்டியதை ஒரு பெரிய அட்டையில் எழுதி எடுத்துப் போனேன். எங்களிடம் அட்டைக்கா பஞ்சம். கதவில் அது நுழையவில்லை. பணியாளர் அதிகாரியாக ஒரு பெண் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், அவள் எழுந்து வந்து அட்டையைச் சாய்த்துப் பிடித்து உள்ளே வாங்கினாள். கேட்க வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மேனேஜர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “நீங்கதானே முதல்ல கை தட்டினது? இப்ப வேண்டாம்னா எப்படி?” என்றார். சார், அது சந்தோஷத்தில் தட்டியது இல்லை, நிறுத்தச் சொன்னது என்றேன். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியும் இல்லைதான். பசை, “வாங்க சார், காட்டறோம்” என்று கூடத்துக்குக் கூட்டிப் போனான்.

ஏழு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையைத் தூக்கி ரெண்டு தட்டு தட்டினேன். அடுத்தவன் தட்டினான், அதற்கடுத்தவன் தட்டினான். நாம் மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில் ஏழும் நின்றன. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அறுபது பேரும் மேனேஜரையே பார்த்தார்கள். “அப்போ அன்னிக்கு எல்லாருமா சேர்ந்து...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அந்தப் பெண் சிரிப்பை அடக்கக் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பலகையில் இருந்த தாள் அன்றே போய்விட்டது. கெடுவும் தள்ளிப் போனது. நேற்று வேறு காகிதம் கொடுத்தார்கள். பழைய சர்வீஸ் தொடரும், ஆறு மாதத் தற்காலிகம் கிடையாது. பசை என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டை இன்னும் ஒட்டுகிறது. ஷிப்டு மட்டும் முடிவாகவில்லை. எழுத்தில் கொடுத்ததை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று அந்தப் பெண் மேனேஜரிடமே சொல்லி, என் பழைய காகிதத்தை நகல் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பதில். நல்லதாகத்தான் வரும் என்று மனசு சொல்கிறது. என் மனசின் லட்சணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் இந்தத் தடவை நம்பிப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் ஆபீசில் எதை நீட்டினாலும் என்னைப் போல் அவசரப்பட்டுக் கையைத் தூக்காதே. எங்கள் ரெண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இன்னும் ஒன்று. காலை ஷிப்டு ஏன் அவ்வளவு முக்கியம், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று மேனேஜர் தன்மையாகத்தான் கேட்டார். பசை என் விலாவில் இடித்தான். பழைய காகிதத்தில் இருக்கிறது சார் என்று மட்டும் சொன்னேன். உன் அம்மாவின் காலைக் காட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு காரணம்.

போன வாரத்திலிருந்து அவள் கேட்டைத் தாண்டியதும் என் கையை விட்டுவிடுகிறாள். மருந்துக்கடைவரை தனியாகவே போய்த் திரும்புகிறாள். நான் நாலடி பின்னால் போகிறேன். முந்தாநாள், “நான் போய்க்குவேன், நீங்க வேணும்னா வீட்ல உக்காருங்க” என்றாள். காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசியது குறைவு, நடந்து பேசியது இந்தப் பத்து மாதத்தில்தான். அந்த ஐந்து மணி இப்போது அவளுக்குத் தேவையில்லை, எனக்குத்தான் தேவை. இதை மேனேஜரிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. நீயும் போனில் உளறிவிடாதே அம்மா.

உன் அப்பா