சந்தனம் பட்ட டிஸ்க்

7 ஒக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஷிப்ட் இல்லை. உடுப்புத் தோய்க்க வேண்டும், தோய்க்கவில்லை. மனைவி பவானி பிள்ளைகள் நர்சரியில், வேலைக்கு. வீட்டில் நானும் கொம்பியூட்டரும்.

தன் கோர்ஸ் புரொஜெக்ட் அதில்தான் இருக்கிறது, கொடுத்து முடியும்வரை கை வைக்க வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டவள். என் கை சும்மா இருக்குமா. போன மாதம் பத்திரிகையோடு வந்த சீடியிலிருந்து லினக்ஸ் போட்டிருந்தேன். ஒரே பெட்டி. பாதி அவளுடைய விண்டோஸ், பாதி என் லினக்ஸ். இன்று இடம் காணாதென்று லினக்ஸ் பக்கத்தில் சில கோப்புகளை நகர்த்தினேன். நகர்த்தினால் ஒரு கட்டளை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பெட்டியே எழும்பாது, விண்டோஸும் வராது. ஓட்ட மறந்து, நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

மாலை ப. வந்து கொம்பியூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரை, மூலையில் இரண்டு ஆங்கில எழுத்து. அவ்வளவுதான்.

“இஞ்சாருங்கோ, இது நிக்குது.”

பார்த்ததுமே விளங்கிவிட்டது. வாயில் வந்தது வேறு. “நேற்று எப்பிடி நிப்பாட்டினீர்? சும்மா சுவிட்ச்சை அமத்தினீரோ?”

“இல்லை, ஒழுங்காத்தான்...” முகம் செத்துப்போனது. “அமத்திப்போட்டனோ தெரியேல்லை.”

“பார்ப்பம்” என்றேன், பெரிய டொக்டர் மாதிரி.

சீ.

8, புதன்

நாள் முழுக்க பெற்றோல் ஸ்டேஷன். கல்லாவில் நின்றபடி யோசனை. மேசை லாச்சியில் விண்டோஸ் ஸ்டார்ட்-அப் ஃபிளொப்பி டிஸ்க் இருக்கிறது. அதைப் போட்டு ஒரு வரி அடித்தால் விண்டோஸ் வந்துவிடும். அவள் குளிக்கிற நேரம் போதும்.

வீட்டுக்கு வந்தால் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவளுடைய பாடப் புத்தகங்கள், பேனை, என் டிரைவிங் தியரிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த டிஸ்க். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ.

“அது ஏன் அங்க?”

“உங்கட படிப்புச் சாமான்தானே. நான் பழுதாக்கினதை அவதான் திருத்தித் தரவேணும். விஜயதசமி வரைக்கும் தொடப்படாது.”

விஜயதசமி சனி. புரொஜெக்ட் திங்கள். அது போனால் கோர்ஸ் போச்சு, நர்சரி வேலையும் நிரந்தரமாகாது. பிரிண்ட் எடுத்ததும் இல்லை.

கடலை, கற்கண்டு வாங்க வேண்டும்.

9, வியாழன்

வெயில், ஆனால் குளிர். ப. வேலைக்குப் போனபின் டிஸ்க்கை எடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு. அந்த மரியாதையாவது.

டிரைவ் கரகரவென்று அரைத்தது. வாசிக்க முடியவில்லையாம். சந்தனத் தண்ணீர் மூடிக்குள் இறங்கியிருக்கிறது. திரும்ப வைத்தேன், பூவை அதே பக்கம் சாய்த்து. கள்ளன்கூட இவ்வளவு கவனமாக இருக்கமாட்டான்.

மாலை, தங்கச்சியோடு அவள் போனில்: “நான்தான் பழுதாக்கிப் போட்டன். அவர் ஒரு வார்த்தை ஏசேல்லை, பாவம்.”

குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டேன்.

10, வெள்ளி

மழை. ஷிப்ட் முடிய, பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறி, லண்டனின் மறு கோடியில் பிளேஸ்டோ. அங்கே இருக்கும் சிவா அண்ணையிடம் டிஸ்க் இரவல். எங்கள் கிங்ஸ்பரிப் பக்கம் யார் வீட்டுக் கொம்பியூட்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் போய்க் கேட்க முகமில்லை.

“உமக்கே டிஸ்க் இல்லையோ? என்ன நடந்தது?”

“மனிசி என்னத்தையோ அமத்திப்போட்டா, அண்ணை.”

“பொம்பிளையளுக்கு உது சரிவராது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதுதான் தாங்க முடியவில்லை. பொய் சொன்னதுகூட இல்லை, சிரித்தது.

11, சனி. விஜயதசமி

வானம் வெளித்திருக்கிறது. ப. டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றி என் கையில் தந்தாள். தேத்தண்ணி கேட்டு அவளை அனுப்பிவிட்டு, சிவா அண்ணையின் டிஸ்க்கைப் போட்டேன். ஒரு வரி. விண்டோஸ் வந்தது. இனி லினக்ஸ் எழும்பாது, போய்த் தொலையட்டும். புரொஜெக்ட் அப்படியே இருக்கிறது.

அழுதுவிட்டாள். படைத்த கடலையில் முதல் பிடி எனக்கு. “உங்கட கெட்டித்தனம், அவவின்ர அருள்.”

சொல்லியிருக்கலாம். கடலையை மென்றேன்.

இரண்டு பிரிண்ட் எடுத்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள். இன்று ஏதாவது படிக்கத் தொடங்க வேண்டுமாம்.

“ஒழுங்கா நிப்பாட்டுறது எப்பிடியெண்டு காட்டித் தாங்கோ.”

காட்ட என்ன இருக்கிறது. நான் சொல்ல முதலே அவள் கை போனது. ஸ்டார்ட், ஷட் டவுண், யெஸ். இனி நிறுத்தலாம் என்ற செம்மஞ்சள் எழுத்து வரும்வரை கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். அதன் பிறகுதான் சுவிட்ச். ஒரு பிசகு இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். “அண்டைக்கும் இப்பிடித்தானே செய்தனான்?”

வாயைத் திறந்தேன்.

“சரி, விடுங்கோ. கை அவசரப்பட்டிருக்கும்.” மறுபடி போட்டாள். மறுபடி நிறுத்தினாள், இன்னும் மெதுவாக.

“இப்ப சரியோ?”

“சரி” என்றேன்.