இடது இடுப்பு

1968, நோன்புப் பெருநாள், இரவு.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை கைத்துப்பாக்கியை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றினேன். சேத்தியாத்தோப்பு சாலையில் என் பீங்கான் சரக்கைத் திருடர்கள் வழிமறித்துப் பறித்த பிறகு லைசென்ஸோடு வாங்கியது. வலது இடுப்பில் இருந்தால் சட்டென்று கைக்கு வரும். என் பீங்கான் சூளையில் குனிந்தால் கைலியோடு கழன்றும் வரும். முதுகில் செருகினால் வெளியே தெரியாது, ஆனால் நாற்காலியில் சாய முடியாது. கணுக்காலில் கட்டினால் தொழுகைக்கு முன் ஒளு செய்யக் கால் கழுவும்போது ஊரே பார்க்கும்.

வைத்துவிட்டுப் போகவும் வழியில்லை. “பிள்ளைங்க இருக்குற வூட்ல அது இருக்கக் கூடாதுங்க” என்கிறாள் மனைவி.

இடது இடுப்பில், அகலப் பச்சை பெல்ட்டுக்குள், அது இருப்பதே தெரியவில்லை.

சூளையில் பங்கு கேட்டு ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த மச்சான், தொழுகை முடிந்ததும் தானாகவே வந்து, பெருநாள் வழக்கப்படி மூன்று முறை என்னைக் கட்டித் தழுவினார். மூன்றாவது தழுவலில் அவருடைய வலது கை என் இடது இடுப்பில் நின்றது.

“என்ன மச்சான் இது?”

“திருடனுக்கு வெச்சிருக்கேன், மச்சான்.”

“பள்ளிவாசல்ல ஏது திருடன்? நான்தானே வந்திருக்கேன்” என்றார்.

அவர் குடும்பத்தையும் சேர்த்துத்தான் மனைவி பிரியாணி ஆக்கியிருந்தாள். அந்தப் பெரிய தேக்சாவில் பாதிச் சோறு மிஞ்சிவிட்டது.