எனக்கும் சேர்த்து ஒரு பிடி

அன்புள்ள அக்கா,

நேற்று காலையில் என் மருமகள் அடுக்களையை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையாக நீங்கள் தூக்கிச் சுமந்தீர்களே என் மகன், அவனுடைய மனைவி. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மேல்தட்டிலிருந்து ஒரு பால்மாவு டப்பாவை இறக்கி, "அத்த, டப்பா துருப்பிடிச்சிட்டு. அரிசிய வேற ஒண்ணுல மாத்திட்டு இதத் தூரப் போட்டுருவோமா?" என்று கேட்டாள். வாங்கி மூடியைத் திறந்தேன். அடைபட்டுக் கிடந்த அரிசியின் வாசம் முகத்தில் வந்து அடித்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய உங்கள் அடுக்களைக்குள் போய் நின்றேன். நீலப் பெயின்ட்டில் எழுதிய உங்கள் பெயரில் பாதி உதிர்ந்துவிட்டது. "அதுல மட்டும் கை வைக்காத" என்று கொஞ்சம் அதட்டிவிட்டேன். பாவம், முகம் வாடிப்போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? சீவலப்பேரிப் பக்கம் நம் ஊரில் சபைப் பெண்கள் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அறுப்பு முடிந்து அசன விருந்து வரும்போது, அந்தப் பிடியரிசியும் வெந்து ஊருக்கே சோறாகும். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே முற்றத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த நம் இருவருக்கும் ஆளுக்கொரு டப்பா.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஐப்பசி. என் எஸ்தருக்கு ஏழு வயது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. பால் குடிக்க மட்டும்தான் அவள் என்னிடம் வந்தாள், மற்ற நேரமெல்லாம் உங்கள் இடுப்பில்தான் வளர்ந்தாள். மூளைக்காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சபை முழுக்க உபவாசமிருந்து ஜெபித்தது. பிழைத்துவிடுவாள் என்று நான் சந்தேகமே இல்லாமல் நம்பினேன். பத்தாம் நாள் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். உபதேசியார் பக்கத்தில் வந்து, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரை அடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

அன்றைக்கு என் டப்பாவிலிருந்த அரிசியைக் கோழிக்கு இறைத்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். கோயிலுக்குப் போவதில்லை, ஜெபமில்லை. மறுநாளே டப்பாவைக் காணோம். என் வீட்டுக்காரர்தான் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் மட்டும் மாதந்தோறும் வெள்ளைச் சேலை உடுத்தி, டப்பாவை இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவீர்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரியும். இவளுக்கென்ன, பெற்றவளா என்றுகூட நினைத்தேன். அந்தப் பாவத்துக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இன்னொரு தடவையும் கேட்டுக்கொள்கிறேன்.

மாசியில் ஒருநாள் தீப்பெட்டி கேட்டு உங்கள் அடுக்களைக்கு வந்தேன். நீங்கள் அரிசி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த டப்பாவில் என் பெயர் இருந்தது.

"எவ கேட்டா ஒங்ககிட்ட? எனக்குத்தான் நம்பிக்க இல்லன்னுட்டேனே" என்று கத்தினேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ நம்ப வேண்டாம்ட்டீ. ஒனக்கும் சேத்து நான் நம்புதேன். நீ பைய வா" என்றீர்கள்.

தீப்பெட்டியை வாங்காமலே வந்துவிட்டேன். அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்து அழுதேன். எஸ்தர் போன பிறகு அழுததெல்லாம் ஆத்திரத்தில் அழுதது. அன்றுதான் பாரம் இறங்க அழுதேன்.

பங்குனியில் அசனம். விடிந்ததும் உங்கள் அடுக்களைக்கு வந்து, அலமாரியிலிருந்து என் டப்பாவை எடுத்தேன். உங்கள் பானையிலிருந்தே ஒரு பிடி அள்ளி, என் கையால் அதில் போட்டேன். என் பிள்ளையை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கர்த்தரிடம் கேட்ட கேள்விக்கு அன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை, இன்றும் வரவில்லை. இருந்தாலும் போட்டேன். பக்கத்திலிருந்த உங்கள் டப்பாவையும் சேர்த்துத் தூக்கப் போனபோது, "அது கெடக்கட்டும், நீ ஒன்னத எடு" என்று அவசரமாகத் தடுத்தீர்கள். எனக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்துக் கோயில் படி ஏறினேன் அக்கா. ஆல்டர் முன்னால் விரித்திருந்த பாயில் என் அரிசியைக் கொட்டினேன். வெட்கமில்லாமல் தொண்டை கிழியப் பாடினேன். பக்கத்தில் நீங்கள். தாளத்துக்கும் உங்களுக்கும் என்றைக்கும் ஏழாம் பொருத்தம், அன்றைக்கு எனக்கும் அப்படித்தான். மத்தியானம் பந்தியில் சீவலப்பேரிக்காரர்களும் ஆற்றுக்கு அக்கரைக்காரர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடிப் பரிமாறினேன். சாவு என்னைத் தோற்கடிக்கவில்லை என்று ஒவ்வொரு இலையிலும் எனக்குத் தெரிந்தது.

நான்கு வருஷம் கழித்து நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். குறும்பாகச் சிரித்தபடி, "அன்னைக்கு என் டப்பாவ நீ தொறந்து பாக்கலியே?" என்றீர்கள்.

"ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு மணி அரிசிகூடக் கெடையாது. புள்ள போன அன்னைக்கே எனக்கும் விட்டுப் போச்சு. என் டப்பாவுல போடக் கை வரல. ஒன்னதுல மட்டும் எப்படியோ போட்டுட்டே இருந்தேன். மாசாமாசம் கோயிலுக்குக் கொண்டுபோனதும் ஒன்னததான்."

"அப்போ எனக்கும் சேத்து நம்புதேன்னு சொன்னது பொய்யாக்கா?"

"பொய்யின்னுதான் நானும் நெனச்சேன். போடப் போட நெசமாயிட்டு. நீ வந்து கோயில்ல கொட்டினியே, மறுநாளுதான் என் டப்பாவுல ஒரு பிடி போட்டேன்."

கஞ்சி சிந்தச் சிந்தச் சிரித்தோம். உங்கள் வீட்டிலும் விசுவாசம் இல்லை, என் வீட்டிலும் இல்லை. ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூடப் பிடியரிசி நிற்கவில்லை. அதைக் காத்தது நீங்களும் அல்ல, நானும் அல்ல என்று அன்று எனக்கு விளங்கியது. அடுத்த மாதம் உங்களை எஸ்தர் பக்கத்தில் அடக்கம் செய்தபோது நான் பாட்டை விடவில்லை.

சாயங்காலம் மருமகளைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்து, கதையைச் சொன்னேன். டப்பாவின் வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். இங்குள்ள கோயிலில் பிடியரிசி வாங்குவதில்லை. டப்பா நிறையும்போதெல்லாம் பையில் கொட்டிவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை நம் ஊர் அசனத்துக்கு இரண்டு டப்பா அரிசியையும் நானே கொண்டுபோகிறேன். ஜெபிக்க வாய் வராத காலைகள் எனக்கு இன்னும் உண்டு அக்கா. அப்போதும் கை அரிசிக்குப் போய்விடும். முதல் பிடி உங்கள் டப்பாவில் விழும். இரண்டாவது பிடியை அள்ளும்போது எனக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

உங்கள்
தங்கச்சி